மத்தபடி தங்கம்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குக் கிளம்புமுன் இஞ்ஞாசி லூர்து மாதா படத்தின் மேல் கையை வைத்து, இன்று பொழுது சாய்கிற வரைக்கும் கோபப்படுவதில்லை என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தார். சத்தியம் வாங்கிக்கொண்டவள் அவர் மனைவி ஞானமேரி. வாங்கின கையோடு அவள் மாதாவை ஒரு பார்வை பார்த்தாள். இந்த மனுஷனை நம்பி நான் கேட்கவில்லை, உன்னை நம்பித்தான் கேட்டிருக்கிறேன் என்கிற பார்வை.

புதுச்சேரியில் இஞ்ஞாசியின் ரொட்டியைத் தின்னாதவர்கள் இருக்கலாம், அவர் கோபத்தைக் கேள்விப்படாதவர்கள் கிடையாது. விடியுமுன் அவர் மாவைத் தூக்கிப் பலகையில் அடிக்கிற சத்தத்தில்தான் தெருவே கண் விழிக்கும். கோபம் மாவில் இறங்கிவிடுவதால்தான் ரொட்டி அத்தனை மெத்தென்று இருக்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அவர்களுக்கென்ன, ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மாவில் இறங்காத மீதிக் கோபம் வீட்டுக்குத்தான் வந்தது.

போன வருஷம் காரைக்காலிலிருந்து ஒரு குடும்பம் இவர்கள் மகள் மர்கரீத்தைப் பெண் பார்க்க வந்தது. எல்லாம் நல்லபடியாக நடந்து, நாள் குறிக்கப் போகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "அடியில கொஞ்சம் கருகியிருக்கு போல" என்றார். பாவம், பேச்சுக்குப் பேச்சு ஏதோ சொல்ல வேண்டுமே என்று சொன்னதுதான். அடுத்த நிமிஷம் பீங்கான் தட்டு சுவரில் மோதித் தூள் தூளாகிவிட்டது. காரைக்கால்காரர்கள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்கள். மர்கரீத் மட்டும் பதறவே இல்லை. துடைப்பத்தை எடுத்து வந்து சில்லுகளைப் பெருக்கி அள்ளிவிட்டு, காப்பி டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள். என் பெண்ணுக்கு என்ன நெஞ்சுரம் என்று இஞ்ஞாசி அன்றைக்குப் பெருமைகூடப் பட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு வரனும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. மர்கரீத்துக்கு இருபத்து மூன்று ஆகிவிட்டது. ஞானமேரிக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் சைகோன் வரன் வந்தது. கபிரியேல் சைகோனில் சுங்க இலாகாவில் இருபது வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு விடுப்பில் வந்திருந்தார். பையன் எதுவாருக்கும் அங்கேதான் வேலை, அடுத்த கப்பலில் வருகிறான். கபிரியேல் பெண்ணைப் பார்த்தார், பிடித்தது. ஆனால் முடிவு சொல்லாமல், ஐயா என்பதற்குப் பதில் ஊர் வழக்கப்படி முசே போட்டு, விசித்திரமாக ஒன்று கேட்டார்.

"நம்ம ஊர்ல இருக்கிற பழைய கோயிலு, பள்ளிவாசலு, தர்கா எல்லாத்தையும் ஒருநாள் சுத்திப் பாக்கணும் முசே. நீங்களே கூட வந்து காட்டணும். பாத்துட்டு வந்து முடிவு சொல்லிடறேன்."

கோயில் குளம் பார்ப்பதற்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்? காரைக்கால் கதை அவர் காதில் விழுந்திருக்கிறது, ஒரு நாள் முழுக்க வெயிலில் அலையவிட்டு என் கோபத்தைச் சோதிக்கப் பார்க்கிறார் என்று இஞ்ஞாசி முடிவு கட்டினார். அதனால்தான் சத்தியம்.

புறப்படும்போது ஞானமேரி இரண்டு புத்தி சொன்னாள். "நீங்க எங்கயும் உள்ள போவாதீங்க. வாசல்ல நின்னே காட்டுங்க, சாமியாருக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரு. அப்புறம் பள்ளிவாசலுக்கெல்லாம் மத்தியானத்துக்குள்ள போயிட்டு வந்துடுங்க. சாயங்காலம் கூட்டமா இருக்கும்." மனைவியின் பக்தியை நினைத்து இஞ்ஞாசிக்கு மனம் நிறைந்துபோயிற்று. அவரும் வேற்று மதத்தார் கோயில் வாசலை மிதித்தவர் இல்லை. ஊரில் யாராவது பிள்ளைக்கு மந்திரிக்கப் பள்ளிவாசலுக்குப் போனதாகக் கேள்விப்பட்டால் கடையில் வைத்தே வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார்.

பூசை முடிந்து சம்பா கோயில் வாசலில் கபிரியேல் காத்திருந்தார். வெள்ளைக் கோட்டு, தலையில் தொப்பி, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள்ளிருந்து காலி ஒயின் பாட்டில் ஒன்றின் கழுத்து எட்டிப் பார்த்தது. தாகத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொள்ள வைத்திருக்கிறார் போலும் என்று நினைத்து, இஞ்ஞாசி பேச்சை அங்கிருந்தே ஆரம்பித்தார்.

"தண்ணின்னா எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணிதான். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டுல ஒரு டம்ளர் குடுப்பாங்க பாருங்க, குடிச்சா மனசே குளுந்து போயிடும்."

"அப்படியா? நீங்க ரொம்ப சாந்தமான ஆளு போல" என்றார் கபிரியேல். கேலியா இல்லையா என்று தெரியவில்லை. இஞ்ஞாசி சிரித்து வைத்தார்.

கோயிலுக்குள் போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது கோயில்பிள்ளை எதிரே வந்தார். மணியடிப்பதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதுமாக அங்கேயே கிழமாகிப்போன மனுஷர்.

"வாங்க முசே இஞ்ஞாசி. அம்மா வச்ச மெழுகுவத்தி இப்பத்தான் பாதி எரிஞ்சிருக்கு. வாரம் தவறமாட்டாங்களே."

"என்ன வேண்டுதல்?" என்று கபிரியேல் கேட்டார்.

"எல்லாம் ஐயாவோட கோவத்துக்குத்தான். மத்தபடி தங்கமான மனுஷன், இந்தக் கோவம் மட்டும் எறங்கினா போதும்னு சூசையப்பர் கால்ல விழுந்து அழுவாங்க."

இஞ்ஞாசிக்குக் காது மடல் இரண்டும் சுட்டது. சம்பந்தம் இத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு கபிரியேலைப் பார்த்தார். முகம் சுருங்கியிருக்க வேண்டிய மனுஷருக்கு முகம் மலர்ந்திருந்தது. அவர் கோயில்பிள்ளையைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போய் ஏதோ ரகசியமாக விசாரித்துவிட்டு, உற்சாகமாக வந்து புஸ்புஸ் வண்டியில் ஏறினார்.

புஸ்புஸ் வண்டியைப் பின்னாலிருந்து ஆள் தள்ளுவான், முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்தான் கைப்பிடியைத் திருப்பி வழி விட வேண்டும். அன்றைக்குத் தள்ளினவன் கோவிந்தசாமி. கைப்பிடி இஞ்ஞாசியிடம் இருந்தது. அவர் அதை மாவு பிசைகிற மாதிரிப் பிசைந்துகொண்டு வந்தார். சூசையப்பர் நம்மவர், நம் வீட்டு விஷயம் நம் கோயிலோடு போகட்டும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

பிள்ளையார் கோயிலில் கபிரியேல் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளேயே போய்விட்டார். "பழைய கட்டடம் பாக்கப் போறேன், இதுல என்ன இருக்கு?" என்று வேறு சொன்னார். இஞ்ஞாசி வெயிலில் வண்டியோடு நின்றார். கொஞ்ச நேரத்தில் கபிரியேலோடு குருக்களும் வாசல் வரைக்கும் வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து இவரை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானா அந்த ரொட்டிக்கடைக்காரர்? ரொம்ப நாளா பாக்கணும்னு இருந்தேன். உங்காத்து அம்மா வெள்ளிக்கிழமைதோறும் வரா. உள்ளே வரமாட்டா, இதே இடத்துல நின்னு விபூதி வாங்கிண்டு போவா. காப்பியிலே ஒரு சிட்டிகை போட்டுக் குடுக்கச் சொல்லியிருக்கேன். குடுக்கறாளோ இல்லையோ?"

இஞ்ஞாசிக்கு வெள்ளிக்கிழமைக் காப்பிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. டம்ளரின் அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல் நிற்கும். காப்பிக்கொட்டையில் கலப்படம் என்று கடைக்காரனோடு நடுத்தெருவில் நின்று சண்டை போட்டு, மூன்று கடை மாற்றியாகிவிட்டது. மூன்றாவது கடைக்காரன் இவர் தலையைக் கண்டாலே கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவான்.

"மத்தபடி தங்கம்னு சொல்லுவா" என்று குருக்கள் ஆறுதலாக முடித்தார்.

இஞ்ஞாசிக்குக் கோபம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மாதாவை நினைத்து விழுங்கினார். கபிரியேலோ பரிசு விழுந்தவர் போல வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "விபூதியும் பாத்திருக்காங்க, பலே" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். வண்டி இரண்டு தரம் ஓரத்துக் கல்லில் மோதியது.

"கைப்பிடிய ஒடிச்சிடாதீங்க சாமி, எம் பொழப்பு அது" என்று பின்னாலிருந்து கோவிந்தசாமி கத்தினான்.

தர்காவுக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். பச்சைப் போர்வை போர்த்திய சமாதி, சாம்பிராணி வாசனை, வாசலில் ஒரு பெரிய வேப்ப மரம். கபிரியேல் உள்ளே போய் வந்தார். தர்காவைப் பார்த்துக்கொள்கிற சாயபு மயிலிறகு விசிறியோடு கூடவே வந்து, ஒரு வார்த்தை கேட்காமலே இஞ்ஞாசியின் தலையில் அந்த விசிறியால் மூன்று தட்டு தட்டினார்.

"தாயத்து தலகாணியிலதான் இருக்கா? எடுத்துடலியே?"

தலையணை! கழுத்துக்கு அடியில் எதுவோ கல் மாதிரி நெருடுகிறது என்று போன மாசம்தான் பஞ்சடிக்கிறவனைக் கூப்பிட்டு அவன் பரம்பரையையே இழுத்து ஏசினார். பஞ்சில் கல்லைக் கலந்து ஏமாற்றுகிறான் என்று கடை வாசலில் கூட்டம் கூட்டியதும் உண்டு. அவன் அழுதுகொண்டே போனான். ஞானமேரி அப்போது கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

இஞ்ஞாசி நேரே வீட்டுக்குப் போய் உண்டு இல்லை என்று பண்ணிவிடலாமா என்று பார்த்தார். ஆனால் கபிரியேல் அதற்குள் வேப்ப மரத்தடியில் கைக்குட்டையை விரித்துத் தலையைச் சாய்த்துவிட்டார். சைகோனில் மத்தியானம் எல்லோரும் தூங்குவார்களாம், இருபது வருஷப் பழக்கமாம். அவர் குறட்டை விட்டுத் தூங்க, சம்பந்தியாகப் போகிறவரை எழுப்பவும் முடியாமல் விட்டுவிட்டுப் போகவும் முடியாமல் இஞ்ஞாசி வேர்த்து வடிய உட்கார்ந்திருந்தார். மத்தியானத்துக்குள் பள்ளிவாசல் பார்த்துவிட வேண்டும் என்று ஞானமேரி போட்ட கணக்கு அந்தக் குறட்டையில் போயிற்று.

ஒருவழியாக எழுந்து, முகம் கழுவி, டீ குடித்து, கடலோரத்துப் பழைய பள்ளிவாசலுக்குப் போனபோது நிழல் நீண்டுவிட்டது. சின்னப் பள்ளிவாசல். உள்ளே கல் தூண்கள், கோயில் மண்டபத்துத் தூண் போலவே வாழைப்பூ தொங்கும் வேலைப்பாடு. கல் சிற்பிக்கு யார் கூலி கொடுத்தாலும் கை அறிந்த வேலைதானே வரும். முற்றத்தில் தொழுகை நேரம் பார்க்க ஒரு கல் மேடை, அதில் கோடு கோடாக வெட்டி நடுவில் ஒரு பித்தளை ஆணி. ஆணியின் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறது என்று கபிரியேல் குனிந்து குனிந்து பார்த்தார். அங்கே இருந்த பெரியவர் இஞ்ஞாசியை யாரென்றே தெரியாதவர் போலப் பார்த்தார். ஊரில் தன்னைத் தெரியாத ஒரு மனுஷனாவது இருக்கிறானே என்று இஞ்ஞாசிக்குக் கண் கலங்கும் போலிருந்தது.

கபிரியேல் அவரிடமும் ஒதுங்கிப் போய்க் கிசுகிசுத்தார். இந்தத் தடவை பெரியவரின் பதில் வாசலில் நின்ற இஞ்ஞாசிக்குத் தெளிவாகக் கேட்டது. பெரியவருக்குக் காது மந்தம், அதனால் குரல் பெரிசு.

"கோவத்துக்கா? அதுக்கு நீங்க குளத்துப் பள்ளிக்குல்ல போவணும்! அங்க காதர் லெப்பை தண்ணி ஓதிக் குடுப்பாரு. யாரோ ஒரு ரொட்டிக்காரராம், மனுஷன் வேங்கை மாதிரியாம், ஓதின தண்ணிலதான் கொஞ்சம் அடங்கியிருக்காராம். மஃரிப் தொழுகை முடியிற நேரம் போங்க."

"உடனே போவணும்!" என்று கபிரியேல் வண்டியில் தாவி ஏறினார்.

இஞ்ஞாசிக்குத் தப்பிக்க வழியில்லை. குளத்துப் பள்ளிக்கு வண்டி போய் நிற்கும்போது பொழுது சாய்ந்து, உள்ளே தொழுகை நடந்துகொண்டிருந்தது. ஊரிலேயே பழசு அந்தப் பள்ளிதான் என்பார்கள். பாசி பிடித்த மதில், உயரம் குறைந்த இரண்டு மினார், கைகால் கழுவுகிற தொட்டியில் மீன்கள். ஆனால் அதையெல்லாம் பார்க்கிற நிலைமையில் இஞ்ஞாசி இல்லை. வாசலின் ஒரு பக்கம் நீளமாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். இடுப்பில் பிள்ளை, கையில் சொம்பு, தலையில் முக்காடு, சிலருக்கு நெற்றியில் குங்குமம். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளின் முகத்திலும் சொம்புகளின் மேலும் ஓதி ஊதிக்கொண்டே போனார்கள். வரிசையில் நடுவில், பிள்ளையில்லாமல், வெண்கலச் சொம்போடு நின்றிருந்தாள் ஞானமேரி.

அவளும் இவரைப் பார்த்துவிட்டாள். முக்காட்டை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. அப்படியே நின்றாள்.

அதற்குள் காதர் லெப்பை வெளியே வந்தார். பழுத்த கிழவர். நேரே அவளிடம் போய்ச் சொம்பின் மேல் குனிந்து ஓதினார், ஊதினார், மறுபடியும் ஓதினார்.

"இன்னிக்கு உன் வூட்டுக்காரருக்கு முக்கியமான நாளுன்னு சொன்னியேம்மா. அதான் ரெண்டு தரம் ஓதியிருக்கேன். ராத்திரி சோத்துக்கு அப்புறம் குடுத்துடு, எப்பவும் போல கெணத்துத் தண்ணின்னு சொல்லியே குடு."

காலையிலிருந்து விழுங்கி விழுங்கி வைத்ததெல்லாம் மொத்தமாக மேலே வந்தது. பொழுதும் போய்விட்டது, சத்தியமும் முடிந்துவிட்டது. இஞ்ஞாசி நாலே எட்டில் போய் அவள் கையிலிருந்து சொம்பைப் பிடுங்கி, தெருவில் வீசியடிக்கத் தலைக்கு மேலே தூக்கினார். பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். லெப்பை ஓரடி பின்னால் போனார். ஞானமேரி மட்டும் அசையவில்லை. தூக்கின கைக்குக் கீழே, பக்கவாட்டில், கபிரியேலின் முகம் தெரிந்தது. கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளின் கல்யாணம் அந்தச் சொம்பில் இருக்கிறது. வீசவும் முடியாது, இத்தனை பேருக்கு நடுவில் சும்மா இறக்கவும் முடியாது. தூக்கின சொம்பை இஞ்ஞாசி வாயில் கவிழ்த்துக்கொண்டார். மடக் மடக்கென்று முழுவதையும் குடித்து முடித்தார். ராத்திரி தோறும் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கிற அதே தண்ணீர். அவருடைய கிணற்றில் ஒருநாளும் ஊறாத தண்ணீர்.

"சுப்ஹானல்லாஹ்!" என்றார் லெப்பை. "பாத்தீங்களா, உள்ள போன ஒடனே அடங்கிட்டாரு!"

பெண்கள் ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். நின்றிருந்த கூட்டம் முழுவதும் அற்புதத்தைக் கண்ணால் கண்டுவிட்டது, இனி யார் மறுத்தாலும் ஒப்புக்கொள்ளாது. கபிரியேல் ஓடிவந்து இஞ்ஞாசியைக் கட்டிக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் பிரெஞ்சுக்காரர் மாதிரி முத்தம் வைத்தார்.

"சம்பந்தி! இனிமே நீங்கதான் எனக்குச் சம்பந்தி. எனக்கு முழு சம்மதம்."

அப்படிச் சொல்லிக்கொண்டே பையிலிருந்து அந்த ஒயின் பாட்டிலை எடுத்து, தக்கையைக் கடித்துப் பிடுங்கி, லெப்பையிடம் நீட்டினார். "எனக்கும் ஒண்ணு ஓதிக் குடுங்க சாயபு. எம் பையனுக்கு. அடுத்த கப்பல்ல வரான்."

"பையனுக்கா?" என்றார் இஞ்ஞாசி.

"அவனுக்குந்தான் கோவம். சைகோன்ல பாக்காத டாக்டர் இல்ல, வேண்டாத சாமி இல்ல. அதான் நம்ம ஊர்ல இதுக்குன்னு எந்த எடம் நல்லதுன்னு சுத்திப் பாக்கலாம்னு வந்தேன். போற எடமெல்லாம் உங்க பேரச் சொல்றாங்க!" கபிரியேலுக்கு உண்மையிலேயே சந்தோஷம் தாங்கவில்லை. "எனக்கு ஒரே கவலைதான் இருந்துச்சு. வர்ற பொண்ணு பயந்து பொறந்த வூட்டுக்கு ஓடிப்போயிடக் கூடாதேன்னு. உங்க பொண்ணு பொறந்ததுலேருந்து பாத்துப் பழகினது. பயப்படாது. இத விட நல்ல எடம் எங்க கெடைக்கும் சொல்லுங்க."

இஞ்ஞாசி காலிச் சொம்பைப் பிடித்தபடி நின்றார். "கை நீட்டுவானா?" என்று கேட்டார்.

கபிரியேல் தக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதெல்லாம் கல்யாணம் ஆனா சரியாப் போயிடும் முசே. தட்டு, கண்ணாடின்னு ஏதாவது ஒடையும். மத்தபடி தங்கம்."

காரைக்கால்காரர்கள் ஓடின பிறகு கூடத்தில் கேட்ட துடைப்பச் சத்தம் இஞ்ஞாசிக்கு ஞாபகம் வந்தது. அது நெஞ்சுரம் இல்லை. சில்லு எந்தெந்த மூலைக்குப் போய் விழும் என்று அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும், அவ்வளவுதான். கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை. வேண்டுகிற நாளில் எல்லாம் போகாத கோபம், வந்தால் நியாயம் என்கிற அந்த ஒரு நேரத்தில் இருந்த இடம் தெரியவில்லை.

"இந்தச் சம்பந்தம் வேணாங்க" என்றார்.

"என்னா சொல்றீங்க?"

"எம் பொண்ணக் குடுக்கறதா இல்லீங்க."

அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. கபிரியேல் இரண்டு நிமிஷம் நல்ல வார்த்தையாகப் பேசிப் பார்த்தார். அப்புறம் முகம் சிவந்தது, உதடு துடித்தது, தமிழ் போய் பிரெஞ்சு வந்தது. பையனுக்கு அந்தக் குணம் எங்கேயிருந்து வந்தது என்று சைகோன் டாக்டர்கள் அவரைக் கேட்டிருந்தால் ஒரே நாளில் தெரிந்துகொண்டிருப்பார்கள். கடைசியில் ஒயின் பாட்டில் மதில் ஓரத்தில் விழுந்து சிதறியது. அவர் வண்டியில் ஏறிக் கைப்பிடியை ஒரு வெட்டு வெட்டினார், வண்டி நேரே சாக்கடையில் இறங்கியது. "காலைலேருந்து இதே ரோதனையாப் போச்சு" என்று கோவிந்தசாமி தலையில் கையை வைத்துக்கொண்டான்.

இஞ்ஞாசியும் ஞானமேரியும் நடந்தே திரும்பினார்கள்.

"எவ்ளோ நாளா?" என்று அவர் கேட்டார்.

"அது ஆவுது ஏழெட்டு வருசம்."

"நாலு எடத்துலயா?"

"முன்னெல்லாம் வாரத்துக்கு ஒரு தட்டு போவும். இப்ப மாசத்துக்கு ஒண்ணுதான். எது பலிச்சுதுன்னு தெரியலியே. அதான் ஒண்ணையும் விட முடியல."

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. அழுதது மகளை நினைத்து. "நல்ல எடம். வூடு தேடி வந்தாங்க. கொஞ்சம் கோவக்காரப் பையன், அவ்ளோதானே. ஏன் வேணாம்னுட்டீங்க? நான் குடும்பம் பண்ணலியா?"

"அதான்" என்றார் இஞ்ஞாசி. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் சொன்னார். "நம்ம குடும்பத்துக்கு ஒரு தங்கம் போதும்."

ஞானமேரி நின்று அவரைப் பார்த்தாள். தெரு விளக்கில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. தெரிந்த மட்டும் அது கோபம் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த காலிச் சொம்பைக் காட்டினாள்.

"ராத்திரிக்கு வச்சிருந்ததையும் குடிச்சுட்டீங்க. இனிமே தெரிஞ்சு போச்சு, ஒளிச்சு வாங்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நாளைலேருந்து நீங்களே போயி வாங்கிட்டு வாங்க."

"யாரு, நானா?" என்று இஞ்ஞாசி போட்ட கூச்சலில் தெருக்கோடி நாய்கள் எழுந்து குரைத்தன. இரண்டு வீட்டுக் கதவுகள் திறந்து மூடின.

அவர் சொம்பைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தார்.

"எத்தன மணிக்குத் தொழுகை முடியும்?" என்று கேட்டார்.